மாற்று நிலையம், பொம்மசந்திரா

"பதினாலாவது கேள்விக்கு 'உண்டு'ன்னு எழுதினது யாரு?"

டைரக்டர் வெங்கடகிருஷ்ணன் ஆடிட் பாரத்தைத் தூக்கிக் காட்டினார். ரெமிஜியஸுக்கு எழுதிய நாளைவிட எழுதிய பேனா நன்றாக ஞாபகம் இருந்தது. அது டைரக்டருடைய பேனா. மூன்று வருடத்துக்கு முன்னால் இதே மேஜையில், "கட்டம் காலியா இருந்தா பாரம் திரும்பி வந்துடும், எதையாவது எழுதுய்யா" என்று அவர்தான் நீட்டினார்.

"நான்தான் சார்."

"மாற்று நிலையம் உள்ளதா? உண்டு. எங்கே? பொம்மசந்திரா. பணியில் எத்தனை பேர்? மூன்று பேர்." யாரோ செத்துப்போன செய்தியைப் படிப்பதுபோல் படித்தார். "ஏன்யா பொம்மசந்திரா?"

"தூரமா இருந்தா யாரும் போய்ப் பார்க்க மாட்டாங்கன்னு சார்."

"வியாழக்கிழமை காலையில பத்து மணிக்குப் போய்ப் பார்க்கறாங்க."

அன்று திங்கட்கிழமை.

ரெமிஜியஸ் வேலை பார்க்கும் மையத்தின் தொழில், சூரியனைப் பார்த்துக்கொண்டிருப்பது. ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு பழைய பங்களாவின் மாடியில் உட்கார்ந்து முறைவைத்துத் திரைகளைப் பார்ப்பார்கள். சூரியன் எப்போதாவது வெடித்துச் சீறும். அப்போது கடல் மேல் போகிற விமானங்களின் ரேடியோ அடைத்துக்கொள்ளும். வழிகாட்டும் செயற்கைக்கோள்கள் தடுமாறும். சில நிமிடங்களுக்குள் உலகத்து விமானங்களுக்கெல்லாம் எச்சரிக்கை அனுப்ப வேண்டும். அந்த வேலையை இவர்களிடம் நம்பிக் கொடுக்கலாமா என்று பார்க்கத்தான் வெளிநாட்டிலிருந்து ஆடிட் குழு வருகிறது. கரண்டோ கட்டடமோ போய்விட்டால் இன்னோர் இடத்திலிருந்து அதே வேலை நடக்குமா என்பதுதான் பதினான்காம் கேள்வி.

நடக்காது என்று தெரிந்தால் மையத்தை மூடிவிட்டு எல்லாரையும் டெல்லிக்கு அனுப்பிவிடுவார்கள். ரெமிஜியஸுக்கு அதில் பெரிய ஆட்சேபணை இல்லை. டெல்லிக் குளிரில் அவன் கோபம் கொஞ்சம் ஆறினாலும் ஆறும் என்று வீட்டில் மனைவி பெர்னதெத்துக்கு ஒரு நம்பிக்கைகூட இருந்தது. ஆனால் பக்கத்து நாற்காலி பாகீரதியின் கணவருக்கு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். அவர்களால் ஊரைவிட்டு அசைய முடியாது. வேலையை விட்டால் டயாலிசிஸ் நடக்காது.

"நல்ல இடமா பாருங்க ரெமி" என்று மட்டும் பாகீரதி சொன்னாள். அதுதான் அவனுக்கு ரொம்பக் கோபத்தைக் கிளப்பியது. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருக்கலாம்.

பொம்மசந்திராவில் அவனுக்குத் தெரிந்த ஒரே கூரை, பெர்னதெத்தின் தம்பி ஓஸ்வால்டின் லேத் பட்டறை. விமானக் கம்பெனிகளுக்கு இரும்பில் சின்னச் சின்ன சாமான் கடைந்து கொடுக்கிற இடம்.

"பேக்கிங் ரூமைக் குடு. ஒரே ஒரு காலை நேரம்" என்றான் ரெமிஜியஸ்.

"எதுக்கு மச்சான்?"

"சூரியனைப் பார்க்க."

"வெளியில நின்னு பாரேன்."

பெர்னதெத் போனில் தம்பியிடம் இரண்டே நிமிடம் பேசினாள். அறை கிடைத்தது. "பன்னெண்டு மணிக்குள்ள காலி பண்ணிடணும் மச்சான். மத்தியானம் என் கஸ்டமர் ஆளுங்க வராங்க" என்று மட்டும் ஓஸ்வால்ட் சொன்னான்.

புதன்கிழமை அட்டைப் பெட்டிகளை வெளியேற்றி, மையத்தின் திரையை இணையத்தில் காட்டுகிற இரண்டு கம்ப்யூட்டர், மூன்று நாற்காலி, சுவரில் சூரியனின் பெரிய படம் ஒன்று என்று வைத்தாயிற்று. இரண்டு கம்ப்யூட்டருக்கும் ஏசிக்கும் சேர்த்து ஸ்விட்சைப் போட்டதும் பட்டறையின் பாதிக் கரண்ட் போய்விட்டது. நான்கு லேத்துகள் ஒரே நேரத்தில் மூச்சை விட்டன.

"உன் சூரியனுக்கு ஏசி எதுக்கு மச்சான்?" என்று ஓஸ்வால்ட் கத்தினான்.

"ஆடிட்டருக்குடா. சூரியனுக்கு இல்ல."

அடுத்த நாள் விடிந்ததும் ஓஸ்வால்ட் லைன்மேனைத் தேடி மின்சார ஆபீஸுக்குப் போனான். போகிறபோது அக்காள் புருஷனைப் பற்றி அவன் சொன்னதை இங்கே எழுத முடியாது.

பாரத்தில் மூன்று பேர் என்று இருந்தது. பாகீரதியும் ரெமிஜியஸும் இரண்டு பேர். கூட வேலை பார்க்கும் ஹரிஷ்குமார் ரிச்சர்ட்ஸ் டவுனில் நிஜமான திரைகளைப் பார்க்க வேண்டும். மற்றவர்கள் ராத்திரி முறை முடித்துத் தூங்கப் போய்விட்டார்கள். ஆகவே மூன்றாவது நாற்காலியில், கரண்ட் இல்லாமல் நின்றுபோன லேத்தின் ஆபரேட்டர் முனியப்பனை உட்கார வைத்தார்கள்.

"என்ன செய்யணும் சார்?"

"இந்தத் திரையைப் பாருங்க. இந்தக் கோடு மேல ஏறினா சொல்லுங்க. மத்தபடி வாயைத் திறக்காதீங்க."

"எம்மா நேரம்?"

"நான் சொல்ற வரைக்கும்."

முனியப்பன் நீலச் சட்டையின் காலரைச் சரிசெய்துகொண்டு திரையைப் பார்க்க ஆரம்பித்தான். பத்து நிமிடம் கழித்துப் பார்த்தபோதும் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். மையத்தில் யாரும் அப்படிப் பார்த்து ரெமிஜியஸ் கண்டதில்லை. அதற்கும் கோபம் வந்தது.

எட்டு மணிக்குப் புதுத் தலைவலி. எச்சரிக்கை அனுப்புகிற பக்கத்தைத் திறந்தால் அது சாவி கேட்டது. சாவி என்பது விரல் நீளக் கருவி. அதைக் கம்ப்யூட்டரில் செருகினால்தான் பக்கம் திறக்கும். மையத்துக்கு மொத்தம் ஒரே சாவி. அது ஹரிஷின் பொறுப்பில் இருந்தது.

"யார்கிட்டயாவது குடுத்தனுப்பு" என்றான் ரெமிஜியஸ் போனில்.

"ரூல்ஸ்ல இல்ல சார். கையெழுத்துப் போட்டவன் இல்லாம சாவி வெளிய போகக்கூடாது. நீங்கதான் எழுதினீங்க அந்த ரூல்."

"அப்போ நீயும் வா."

"இங்க யாரு சார் பார்க்கறது?"

"யாரு இருக்கா?"

"மங்களம் அக்கா இருக்காங்க."

மங்களம் மையத்தில் டீ போட்டுப் பெருக்குகிறவள். ரிச்சர்ட்ஸ் டவுன் பங்களாக்களில் முப்பது வருடம் வேலை செய்ததில், இங்கிலீஷ் அவளுக்கு டைரக்டரைவிடச் சரளமாக வரும். சூரியனைப் பற்றி அவளுக்குத் தெரிந்தது, துணி காயுமா காயாதா என்பது மட்டும்.

"சும்மா டென்ஷன் ஆகாதீங்க சார்" என்றான் ஹரிஷ். "நாலு நாளா சூரியன் அமைதியா இருக்கு. ரெண்டு மணி நேரம் நாம பார்க்கலேன்னா ஓடிப்போயிடாது."

ரெமிஜியஸ் கோபத்தில் 'வா' என்று சொல்லிவிட்டான்.

ஹரிஷ் வந்து சேர்ந்தபோது மணி ஒன்பதே முக்கால். உடனே டைரக்டர் கூப்பிட்டார். "யோவ், ஹோட்டல்லேருந்து அவங்களைக் கூட்டிட்டு வரலாம்னு போனேன். காலையிலேயே கிளம்பிட்டாங்களாம். தானா அங்க வராங்கபோல. நான் சில்க் போர்டு சிக்னல்ல டிராஃபிக்ல நிக்கறேன். நின்னுண்டேதான் இருக்கேன்."

அந்தப் போனை வைக்கும்போதே மங்களத்தின் பெயர் திரையில் மின்னியது. சர்க்கரை தீர்ந்துவிட்டால் அவள் ரெமிஜியஸைத்தான் கூப்பிடுவாள். கட் செய்தான். மறுபடி மின்னியது. மறுபடி கட் செய்தான்.

வாசலில் வண்டி நின்றது. உயரமான வெள்ளைக்காரர் ஒருவர், ஒரு குட்டையான மனிதர், கையில் டேப்லெட்டோடு ஒரு பெண்.

"நமஸ்காரம் சார், நான் சஹானா. ஆடிட்டுக்கு வந்திருக்கோம். கொஞ்சம் சீக்கிரமாவே வந்துட்டோம்."

ரெமிஜியஸ் பட்டறைப் பக்கம் அவர்கள் பார்வை போகாதபடி குறுக்கே நின்று, நேரே பேக்கிங் அறைக்குள் ஓட்டிக்கொண்டு போனான். உட்காரவைத்துச் சூரியனில் ஆரம்பித்தான். சூரியனின் வயிறு, அதன் கொப்புளங்கள், அங்கிருந்து கிளம்புகிற சீற்றம், நடுக்கடலில் பைலட் ரேடியோவில் கத்துவது யாருக்கும் கேட்காமல் போவது. இருபது நிமிடம். மூன்று பேரும் மரியாதையாகத் தலையாட்டினார்கள். வெள்ளைக்காரர் மட்டும் ஜன்னல் வழியாக அடிக்கடி லேத்துகளை எட்டிப் பார்த்தார். ரெமிஜியஸ் எழுந்து போய் ஜன்னல் துணியை இழுத்துவிட்டான். அவர் சிறிது ஏமாந்ததுபோல் தெரிந்தது.

"உங்க கருவிங்களை எப்ப கடைசியா சரி பார்த்தீங்க?" என்று சஹானா கேட்டாள்.

"மாசா மாசம் மேடம்."

"தப்பா வெளிய போயிடுச்சுன்னா?"

"உடனே ரத்து பண்ணிச் செய்தி அனுப்புவோம்."

அவள் எழுதிக்கொண்டாள். பிறகு முனியப்பன் பக்கம் திரும்பினாள்.

"நீங்க ஷிஃப்ட் எப்படி மாத்துவீங்க?"

முனியப்பன் ரெமிஜியஸைப் பார்த்தான். வாயைத் திறக்காதே என்ற உத்தரவும் இருந்தது. கேள்வி கேட்டால் பதில் சொல்வது மரியாதையாகவும் இருந்தது. மரியாதை ஜெயித்தது.

"அடுத்த ஆளு வந்து மெசின்ல கைய வெச்சு 'என்கிட்ட'ன்னு சொல்லணும் மேடம். அது வரைக்கும் நான் எந்திரிக்க மாட்டேன். பாத்ரூம் வந்தாலும் மாட்டேன். பதினெட்டு வருசமா இதான்."

சஹானா இங்கிலீஷில் சொன்னதும் வெள்ளைக்காரர் முதல் தடவையாகச் சிரித்தார். முனியப்பனின் தோளைத் தட்டினார். ரெமிஜியஸுக்குக் காது சூடாகியது. ரிச்சர்ட்ஸ் டவுனில் இந்த நிமிடம் காலி நாற்காலிகள்தான் சூரியனைப் பார்த்துக்கொண்டிருந்தன. அதை இந்த ஆள் சொல்லிக் காட்டுவதுபோல் இருந்தது.

மணி பத்து நாற்பதுக்கு முனியப்பன், "சார், கோடு ஏறுது" என்றான்.

"எங்க?"

"நேரா மேல போவுது சார். நிக்கல."

கம்ப்யூட்டர் கீச்சென்று கத்த ஆரம்பித்தது. நான்கு நாள் சும்மா இருந்த சூரியன், ஆடிட் நாளாகப் பார்த்து வெடித்திருந்தது. ஹரிஷ் சாவியைத் தலைகீழாகச் செருகினான். எடுத்து மறுபடி தலைகீழாகவே செருகினான். பாகீரதி முனியப்பனின் நாற்காலிக்கு ஓடினாள்.

"எந்திரிங்க, எந்திரிங்க. நான் டைப் பண்ணணும்."

முனியப்பன் அசையவில்லை. "சொல்லுங்க மேடம்."

"என்ன சொல்லணும்?"

பாகீரதி திரும்பினாள். "ரெமி, இவர் எந்திரிக்க மாட்டேங்கறார்."

"யோவ், எந்திரியா."

"நீங்க சொல்லணும் சார். கைய வெச்சு."

மூன்று வெளியாட்கள் முன்னால், நெற்றி நரம்பு புடைக்க, ரெமிஜியஸ் மேஜையில் கையை ஓங்கி வைத்து "என்கிட்ட" என்று கர்ஜித்தான். முனியப்பன் உடனே எழுந்து நாற்காலியைத் துடைத்துவிட்டுத் தள்ளி நின்றான்.

பட்டறை இணையம் படுத்துவிட்டது. ஹரிஷ் தன் போனில் இணைப்புக் கொடுத்தான். பாகீரதி தட்டினாள், ஓர் எழுத்துகூடத் தப்பவில்லை. எந்தக் கடல், எந்த உயரம், எத்தனை மணி நேரம். ரெமிஜியஸ் ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுப் படித்தான். கோடு ஏறி ஒன்பதாவது நிமிடத்தில் எச்சரிக்கை போய்விட்டது. உலகத்துக்கே போய்விட்டது, அட்டைப் பெட்டி வாசனை அடிக்கிற ஓர் அறையிலிருந்து.

பாகீரதி முந்தானையால் முகத்தை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திங்கட்கிழமையிலிருந்து முதல் தடவையாக ரெமிஜியஸுக்கு யார் மேலும் கோபம் இல்லை. சூரியன் மேல்கூட இல்லை.

"பார்த்தீங்க இல்ல மேடம்," என்றான் மெதுவாக. "இதுதான் எங்க மாற்று நிலையம்."

"ரொம்ப நல்லா இருந்துச்சு சார்" என்றாள் சஹானா, நிஜமாகவே நெகிழ்ந்து. "இப்ப ஓஸ்வால்ட் சாரைக் கூப்பிடறீங்களா? எங்க ஐந்நூறு பிராக்கெட்டைப் பார்த்துட்டுக் கிளம்பறோம்."

ஓஸ்வால்டின் மத்தியானக் கஸ்டமர்கள். ரெமிஜியஸ் சுவரில் இருந்த சூரியனைப் பார்த்தான்.

பையில் போன் மறுபடி அதிர்ந்தது. மங்களம். மூன்று நாள் கோபத்தில் மிச்சம் இருந்த கோபம் முழுவதையும் திரட்டிக்கொண்டு அவன் எடுத்தான்.

"என்ன, சர்க்கரை தீர்ந்துபோச்சா?"

"எத்தினி வாட்டி கூப்புடறது சார்? அந்த ஆடிட்காரங்க, சொல்லாம கொள்ளாம ஒம்பது மணிக்கே இங்க வந்துட்டாங்க. ஒரு ஆளு இல்ல. நாலு காலி நாற்காலியையும் என்னையும்தான் பாத்துக்கினு இருந்தாங்க."

ரெமிஜியஸ் பாகீரதியைப் பார்த்தான். அவளிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. ஹரிஷைப் பார்த்தான். அவனை எங்கே அடிப்பது என்றும் தெரியவில்லை.

"என்ன சொன்னாங்க?" என்றான்.

"மொதல்ல ஒண்ணும் சொல்லல சார். அப்புறம் அலாரம் அடிச்சிச்சு, எல்லாரும் வாட்ச்சப் பாத்தாங்க, ஒம்பதே நிமிசத்துல வேற எடத்துலேருந்து மெசேஜ் போச்சாம். மெயின் ஆபீசை நெசமாவே காலி பண்ணிட்டு மாத்து நிலையத்தை ஓட்டிக் காட்ன தைரியம் உலகத்துலயே உங்களுக்குத்தானாம், எந்திரிச்சு நின்னு எனக்குக் கை குடுக்கறாங்க சார்."