சருகுமான்கள் படை திரட்டிய கதை

ஒரு காட்டில் சிங்கம் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. கதை சொல்பவர்கள் எந்தக் காடானாலும் யோசிக்காமல் ஒரு சிங்கராஜாவை நியமித்துவிடுகிறார்கள். இந்தக் காட்டை ஆண்டது ஒரு நிர்வாகக் குழு. குழுவின் தலைவர் ஒரு யானை. மற்ற உறுப்பினர்களும் யானைகளே. உட்காரும் இடம் அப்படி அமைந்துவிட்டதால் வேறு யாருக்கும் இடமில்லை.

காட்டின் நடுவே ஓர் ஆறு ஓடியது. வடகரையில் செந்நாய்கள் ‘வடகரைப் பாதுகாப்புப் படை’ என்று ஒன்றை நடத்திவந்தன. ஆற்றின் குறுக்கே விழுந்து கிடந்த ஒரு மருதமரம்தான் எல்லோருக்கும் பாலம். அதில் ஏறுகிறவர்களிடம் படை பாதுகாப்பு வரி வாங்கும். வசதியுள்ளவர்கள் ஒரு தேனடை கொடுப்பார்கள். வசதியில்லாதவர்கள் ஓர் உறவினரைக் கொடுப்பார்கள். எதிலிருந்து பாதுகாப்பு என்று ஒரு காட்டுப்பன்றி மட்டும் கேட்டது. அதன்பிறகு அது மூன்று காலில் நடந்ததால் மற்றவர்களுக்கு விடை தெரிந்துபோயிற்று.

தென்கரையில் சருகுமான்கள் வாழ்ந்தன. முயலைவிடச் சற்றே பெரிய உருவம், காய்ந்த இலை முறிந்தால் ஓடிவிடும் மனம். கீழே உதிர்ந்த பழம்தான் அவற்றின் உணவு. பழமரங்களோ வடகரையில் இருந்தன. சருகுமான்களிடம் தேன் இல்லை. கொடுக்கும்படியான உறவினர்களும் தீர்ந்துவிட்டார்கள். வரி நின்றதும் செந்நாய்கள் மருதமரத்தைப் புரட்டி ஆற்றோடு விட்டுவிட்டன. அதற்குப் பிறகு சருகுமான்கள் நீந்தித்தான் போயின. போன மழைக்காலத்தில் நாச்சாத்தா என்ற சருகுமானின் மூத்த குட்டியை ஆறு கொண்டுபோயிற்று. இப்போது அவளுக்கு இன்னொரு குட்டி இருக்கிறது. அடுத்த மழைக்குள் ஒரு பாலம் வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான்.

இதற்கிடையே செந்நாய்கள் ஆள் தெரியாமல் தலைவர் யானையின் மருமகனையே காலில் கடித்துவைத்தன. காட்டில் வன்முறை இருப்பது அன்றுதான் குழுவின் கவனத்துக்கு வந்தது.

“போர் தொடுக்கலாம்” என்றது ஓர் இளம் யானை.

“போருக்குச் செலவாகும்” என்றது பொருளாளர் யானை.

“செலவு செய்வதென்று ஆகிவிட்டால் அதை அவர்களுக்கே செய்துவிடலாமே” என்றது தலைவர்.

இப்படித்தான் வன்முறை விலகல் திட்டம் பிறந்தது. படை வைத்திருப்போர் வன்முறையைவிட்டு மெல்ல மெல்ல விலகுவதற்குப் பொதுப்பணம் துணைநிற்கும். மெல்ல என்பதில் குழு மிகவும் கண்டிப்பாக இருந்தது. அவசரத்தில் திருந்தியவர்கள் அவசரத்தில் கெட்டுப்போவார்களாம். செந்நாய்களுக்கு ஓடு வேய்ந்த மன்றம் ஒன்று கிடைத்தது. கூடை முடையக் கற்றுக்கொடுக்க ஒரு தூக்கணாங்குருவி வந்தது. முதல் குருவி இரண்டாம் வகுப்போடு காணாமல் போனதால், அடுத்து வந்த குருவி உயரமான கிளையில் உட்கார்ந்தபடி பாடம் நடத்தியது.

நாச்சாத்தா பாலம் கேட்டுத் திட்ட அலுவலகத்துக்குப் போனாள். அங்கே இரண்டு வரிசைகள் இருந்தன. ‘விலகுவோர்’ வரிசை நிழலில் இருந்தது, அதில் யாரும் இல்லை. ‘மற்றவர்கள்’ வரிசை வெயிலில் ஆற்றங்கரை வரை நீண்டிருந்தது. அதிகாரி ஓர் அலுங்கு. எறும்புத்தின்னி என்றும் சொல்வார்கள். இக்கட்டு வந்தால் உருண்டையாகச் சுருண்டுகொள்வது அதன் இயல்பு. அந்தப் பதவிக்கு வேறு தகுதி கேட்கப்படவில்லை.

“சொல்லும்மா” என்றது அலுங்கு.

“ஏனுங் சார், ஆத்துக்கு ஒரு பாலம் வேணுமுங்க. கொழந்தைக நீந்திப் போகுதுங்க.”

“பாலத்துக்கு வெச்சிருந்த பணத்தை விலகல் திட்டத்துக்கு மாத்தியாச்சேம்மா.”

“அப்ப அதுல இருந்தே குடுங்களேன்.”

“குடுக்கலாம். நீங்க எந்தப் படை?”

“படையெல்லாம் இல்லீங்க. சும்மா சருகுமானுங்க.”

“யாரையாவது கடிச்சிருக்கீங்களா?”

“இல்லீங்க.”

“மிரட்டல்? கடத்தல்? அடிதடி?”

நாச்சாத்தா யோசித்தாள். “எங்க கொழுந்தனார் ஒருக்கா ஒரு வண்டை மிதிச்சுட்டாருங்க. தெரியாமத்தான்.”

“தெரியாம செஞ்சா சேராது. வன்முறையே இல்லாம எதுல இருந்தும்மா விலகுவீங்க? ஏற்கெனவே தள்ளித்தானே நிக்கறீங்க?”

“அப்ப மரத்தைத் தள்ளிவிட்டவங்களுக்கு மன்றம், அதனால கொழந்தையப் பறிகுடுத்தவளுக்கு ஒண்ணுமில்லீங்களா?”

அலுங்கு சுருண்டுகொண்டது. நாச்சாத்தா காத்திருந்தாள். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். வெயில் சாயும் நேரத்தில் உருண்டையில் ஒரு செதில் மட்டும் விலகி உள்ளிருந்து ஒரு கண் தெரிந்தது.

“நான் சொன்னதா யார்கிட்டயும் சொல்லாதீங்க. ஒரு படைன்னு இருந்தா பரிசீலிக்கலாம்.”

அப்படித்தான் ‘தென்கரை அதிரடிப் படை’ உருவானது. நாச்சாத்தா தலைவி. அவள் கொழுந்தனார் மருதாசலம் தளபதி. ஆண் சருகுமானுக்கு உதட்டுக்கு வெளியே இரண்டு சின்னக் கோரைப்பற்கள் நீட்டிக்கொண்டிருக்கும். மருதாசலம் அதுவரை அவற்றை நாவல்பழத்தின் தோலைக் கிழிப்பதற்கு மட்டும் வைத்திருந்தார். படையின் முதல் நடவடிக்கையாக இருவரும் ஒரு முள்ளம்பன்றியின் வளைக்குப் போனார்கள்.

“பாதுகாப்பு வரி குடுங்க” என்றார் மருதாசலம், தரையைப் பார்த்தபடி.

“எதுல இருந்து பாதுகாப்பு?” என்றது முள்ளம்பன்றி.

“எங்ககிட்ட இருந்துதானுங்க.”

முள்ளம்பன்றி இருவரையும் மேலும் கீழும் பார்த்தது. “வெயில்ல வந்திருக்கீங்க. மொதல்ல தண்ணி குடிங்க.”

குடித்தார்கள். வீட்டுக்குக் கொண்டுபோக நெல்லிக்காயும் கிடைத்தது. மருதாசலம் தலை தாழ்த்தி நன்றி சொன்னார்.

“கொழுந்தனாரே, மிரட்டப் போன எடத்துல நன்றி சொல்லக் கூடாதுங்க” என்றாள் நாச்சாத்தா, திரும்பும் வழியில்.

“அவரு நெல்லிக்கா குடுத்தாருங்களே, அண்ணி.”

இது நடக்காது என்று நாச்சாத்தாவுக்குப் புரிந்தது. மேற்கே மேகம் திரளத் தொடங்கியிருந்தது. அவள் ஆற்றை நீந்திக் கடந்து, நேராகச் செந்நாய்களின் மன்றத்துக்குப் போனாள். காடு தோன்றிய நாளிலிருந்து எந்தச் சருகுமானும் தானாக அங்கே போனதில்லை.

படைத்தலைவன் செங்கோடன் பாதி முடைந்த கூடையோடு உட்கார்ந்திருந்தான். “வாங்க அம்மணி. படை ஆரம்பிச்சிருக்கீங்களாமா? தொழில் எப்படிப் போகுது?”

“எங்களுக்கு யாரையும் கடிக்க வரலீங்க. நாங்க உங்களக் கடிச்சமுன்னு அதிகாரிகிட்ட நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதுமுங்க.”

மன்றம் முழுவதும் சிரித்தது. செங்கோடன் சிரிக்கவில்லை. அவனுக்கும் ஒரு கவலை இருந்தது. இவ்வளவு நாளாக விலகுகிறீர்களே, எப்போது விலகி முடிப்பீர்கள் என்று குழு கேட்கத் தொடங்கியிருந்தது.

“ஒத்தப் படையா இருந்தா அது வெறும் கெட்ட பழக்கம்” என்றான் மெதுவாக. “ரெண்டு படைன்னா மோதல். மோதலுக்கு ஒதுக்கீடே வேற. நல்ல யோசனை அம்மணி.”

“நீங்க இன்னும் திருந்தலீங்களா?”

“திருந்திட்டே இருக்கறோம். முடிச்சுட்டா மன்றத்தைப் பூட்டிருவாங்களே. அதனால அப்பப்ப ஒரு மானை அடிச்சு வருத்தம் தெரிவிச்சுக்கறோம்.”

“அந்த மான்கிட்டயா?”

“மான் எங்க இருக்கும்? குடும்பத்துக்கிட்ட.” அவன் கூடையைக் கீழே வைத்தான். “ஆனா வெறும் வாய்வார்த்தை செல்லாது. அதிகாரி கண்ணால பாக்கோணும். மூஞ்சி வேண்டாம், பொடனி வேண்டாம். வாலுன்னா சரி. பூப்போல வெச்சு எடுங்க. மிச்சத்தை நான் ஊளையில பாத்துக்கறேன்.”

குறித்த நாளில் காடே ஆற்றங்கரையில் கூடியது. அலுங்கு ஒரு பாறையில் அமர்ந்தது. செங்கோடன் திரும்பி நின்று வாலை நீட்டினான். நாச்சாத்தாவுக்கோ பழத்தைத் தவிர எதையும் கடித்தறியாத வாய். அவள் அருகே வந்து நின்றாளே தவிர வாய் திறக்கவில்லை.

செங்கோடன் தலையைத் திருப்பி அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னான். நல்லெண்ணத்தோடுதான் சொன்னான். “பயப்படாதீங்க அம்மணி. அந்த மருதமரத்தைத் தள்ளினப்ப எனக்கும் மொதல்ல ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு. பழகிடும்.”

நாச்சாத்தா கடித்தாள்.

ஊளையின் முதல் பாதி முன்பே ஒத்திகை பார்த்துவைத்தது. இரண்டாம் பாதி அப்படியல்ல. அவளைப் பிரித்தெடுக்க மூன்று செந்நாய்கள் வேண்டியிருந்தன. அப்படியும் வாலின் நுனி அவளிடம் தங்கிவிட்டது. அலுங்கு சுருண்டு, நெடுநேரம் கழித்து விரிந்து, “நம்பும்படியாக இருந்தது” என்று அறிவித்தது.

“மெதுவான்னு சொன்னனே அம்மணி” என்றான் செங்கோடன். கண்ணில் நீர் நின்றது.

நாச்சாத்தா வாயிலிருந்த முடியைத் துப்பினாள். “வருத்தம் தெரிவிச்சுக்கறமுங்க.”

அந்த வாரமே பணம் வந்தது. பாலத்துக்கு நிதி இல்லை என்று முன்பே முடிவாகியிருந்ததால், ‘தென்கரைப் படையினர் வன்முறையைக் கடந்து செல்லும் மேடை’ என்ற பெயரில் ஆற்றின் குறுக்கே மூங்கிலால் ஒன்றைக் கட்டினார்கள். பார்ப்பதற்குப் பாலம் போலவே இருந்தது.

பார்க்க வேண்டியவர்கள் எல்லோரும் அதைப் பார்த்தார்கள். அலுவலகத்தில் வெயில் வரிசை கரைந்து நிழல் வரிசை நீண்டது. அணில்கள் படை திரட்டின. முள்ளம்பன்றி தனியாளாகவே ஒரு படையானது. வளை கட்டவும் பொந்து பழுதுபார்க்கவும் உதவி தேவைப்பட்ட அத்தனை பேரும் மாறிமாறிக் கடித்துக்கொண்டார்கள். யாரும் கிடைக்காத ஓர் ஓணான் தன்னையே கடித்துக்கொண்டு, அதை உட்பூசல் என்று பதிவுசெய்தது.

ஆண்டுவிழாவில் தலைவர் யானை நெகிழ்ந்து பேசியது. “திட்டம் தொடங்கிய நாளில் வன்முறையைவிட்டு விலகும் படை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. இன்று முப்பத்தேழு படைகள் விலகிக்கொண்டிருக்கின்றன. வேறெந்தக் காட்டிலாவது இத்தனை பேர் விலகுகிறார்களா?” எல்லோரும் காலால் தரையைத் தட்டி ஆரவாரம் செய்தார்கள். அந்த முப்பத்தாறும் முன்பு எங்கே இருந்தன என்று கேட்ட இளம் யானைக்கு, தொலைதூரத்து நீர்நிலை ஒன்றில் தவளை எண்ணும் பொறுப்பு தரப்பட்டது.

மழை வந்தது. ஆறு சிவந்து மரங்களை உருட்டிக்கொண்டு ஓடியது. நாச்சாத்தா குட்டியை முன்னால் விட்டுப் பாலத்தில் ஏறினாள். நடுவில் ஒரு முறை நின்று கீழே பார்த்தாள். பிறகு குட்டியை மூக்கால் உந்தி நடக்கவிட்டாள். நனையாத குளம்போடு இருவரும் அக்கரை சேர்ந்தார்கள்.

அங்கே மூன்று மணிப்புறாக்கள் வழியை மறித்து நின்றன.

“நில்லுங்கக்கா” என்றது நடுவில் நின்ற புறா. “நாங்க மணிப்புறா அதிரடிப் படைங்க.”

“வரியா?”

“அதெல்லாம் வேண்டாங்கக்கா.” புறா குரலைத் தாழ்த்தியது. “கூடு பூரா ஒழுகுதுங்க. அதிகாரி அந்தப் பாறையிலதான் உக்காந்திருக்காரு. சும்மா ஒரே ஒரு கொத்து.”

நாச்சாத்தா பாறையைப் பார்த்தாள். அலுங்கு முழுதாக விரிந்து, கவனமாகக் காத்திருந்தது. அப்பால் நாவல் மரத்தடி முழுக்கப் பழம் உதிர்ந்து கிடந்தது.

“நீ போய்ச் சாப்பிடு கண்ணு. அம்மா வந்துடறேன்” என்று குட்டியை அனுப்பிவிட்டு, அவள் புறாக்களுக்கு முதுகைக் காட்டி நின்றாள்.

“வாலு சின்னதுங்க, பாத்துக் கொத்துங்க. அப்புறம், நான் கத்தோணுமா, அழுதாப் போதுமா?”

“உங்க சவுரியமுங்கக்கா” என்றது புறா, கூச்சத்துடன்.

நீதி: கடிக்காமல் இருப்பது வெறும் சுபாவம், கடிப்பதைக் கொஞ்சங்கொஞ்சமாகக் குறைத்துவருவதுதான் பொதுச்சேவை. ஆகவே நல்லபடியாக வாழ விரும்புகிறவர் முதலில் பொருத்தமான ஒருவரைக் கடித்துவிட்டு வரவும்.