உச்சிக்கிளைச் சீழ்க்கை

"அது பறவை இல்லீங்க. எங்கப்பாவோட காது மெஷின்."

மனைவி இதைச் சொன்னபோது கேஷியர் பல் தேய்த்துக்கொண்டிருந்தார். பாதி நுரை தொண்டைக்குள் இறங்கிவிட்டது.

"என்னது?"

"காது மெஷின். வாங்கின புதுசுலயே உய்ய்னு விசிலடிக்கும். போகப்போகச் சரியாயிடும்னான் கடைக்காரன். எங்க ஆச்சு?"

முந்தின நாள் சாயங்காலம் தோட்டத்தில் கேட்ட விசிலைப் பதிவு செய்து, பறவைக் குழுவில் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருந்தார் மனிதர். குழுத் தலைவரான பல் டாக்டர் அதைக் கேட்டுவிட்டு, 'ஐயோ, சீழ்க்கைச்சிட்டு! இந்தப் பக்கம் வந்து எத்தனை வருஷமாச்சு! காலையில் எல்லாரும் அங்கே வருகிறோம்' என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே ஆளாளுக்குக் கைதட்டியிருந்தார்கள்.

அந்தக் குழுவில் கேஷியருக்கு 'காக்கா' என்று பெயர். சேர்ந்த நாளிலிருந்து அவர் கண்ணில் பட்டதெல்லாம் காக்காதான். ஒரு தடவை பருந்து என்று படம் போட்டார். பெரிதாக்கிப் பார்த்தால் அதுவும் காக்கா. இலையுதிர்காலம் முடிவதற்குள் ஒரு அரிய பறவையாவது காட்டாதவர்களை நீக்கிவிடுவேன் என்று டாக்டர் வேறு கறாராகச் சொல்லிவிட்டார். மரத்தில் இலை என்று சொல்ல ஒன்றிரண்டுதான் பாக்கி. நாள் முழுக்கக் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து ஊரார் பணத்தை எண்ணுகிறவரிடம், "இன்னைக்கு என்ன பாத்தீங்க?" என்று கேட்க உலகத்தில் இருந்தது அந்தக் குழு ஒன்றுதான். அதையும் விட்டுவிட அவருக்கு மனசே வரவில்லை.

"தப்பாப் போட்டுட்டேன்னு சொல்லிடுங்களேன்," என்றாள் மனைவி.

"மானம் போயிடும்டி!"

"இருந்தாத்தானே போறதுக்கு."

கேஷியர் தோட்டத்துக்கு ஓடினார். மாமனார் மரத்தடி நாற்காலியில் வழக்கம்போல ஒரு கையில் பேப்பரும் ஒரு கையில் பிஸ்கட்டுமாக உட்கார்ந்திருந்தார். பிஸ்கட்டில் பாதி வாய்க்குப் போகும், பாதி தரைக்கு. உய்ய்ய் என்று விசில் கேட்டது. கேஷியர் அவரைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்து, ஜன்னலைச் சாத்தினார். விசில் நின்றது.

சந்தேகமே இல்லை. பறவைக்கு வயசு எழுபதைத் தாண்டியிருந்தது.

அதற்குள் வாசலில் கார்கள் வந்து நின்றன. டாக்டர் கேமரா ஸ்டாண்டோடு இறங்கினார். ஓவிய டீச்சர் பீரங்கி மாதிரி ஒரு கேமராவைத் தூக்கிக்கொண்டு வந்தார். பின்னால் மொத்தக் குழுவும் ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, சத்தம் வராமல் நுனிக்காலில் தோட்டத்துக்குள் நுழைந்தது.

எல்லாரும் மொட்டை மரத்தின் உச்சியையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். கழுத்து வலித்ததுதான் மிச்சம்.

"காக்கா, வழக்கம்போல ஏமாத்திட்டீங்களா?" என்றார் டாக்டர். கை சட்டைப்பையிலிருந்த போனுக்குப் போனது. நீக்கத்தான் எடுக்கிறார் என்று கேஷியருக்குப் புரிந்துவிட்டது.

"ஒரே நிமிஷம் சார்!"

உள்ளே ஓடி, மாமனாரை அழைத்துவந்து நாற்காலியில் உட்கார வைத்தார். மாமனார் கூட்டத்தைப் பார்த்துப் பொதுவாக ஒரு கும்பிடு போட்டுவிட்டு, பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்தார்.

உய்ய்ய்.

டாக்டருக்குக் கண் கலங்கியேவிட்டது. "அதேதான்! சத்தியமா அதேதான்! யாரும் கீழ பாக்காதீங்க. அது உச்சிக்கிளையை விட்டு இறங்கவே இறங்காது."

யாரும் கீழே பார்க்கவில்லை.

"ஆனா பெரியவர் இப்படி நட்டநடுவுல உக்காந்திருந்தா அது எப்படி வெளிய வரும்? அவரைக் கொஞ்சம் நகர்த்துங்க."

கேஷியர் மாமனாரை நாற்காலியோடு வேலிச்செடிக்குப் பின்னால் நகர்த்தி, கொடியில் காய்ந்த பச்சைப் போர்வையைத் தலையோடு போர்த்திவிட்டார். போர்வைக்குள்ளிருந்து ஒரு கை மட்டும் வெளியே வந்து பிஸ்கட்டை உடைத்துப் போட்டது.

"எறும்பு வரும்னு எத்தனை தடவைப்பா சொல்றது!" என்று சமையலறை ஜன்னலிலிருந்து கேஷியரின் மனைவி கத்தினாள். கை பாட்டுக்கு உடைத்துக்கொண்டிருந்தது.

விசில் இப்போது வேலிப் பக்கமிருந்து கேட்டது. கேமராக்கள் திரும்பின. அந்த நேரம் பார்த்து மாமனாருக்குக் கால் மரத்துப்போய்விட்டது போலிருக்கிறது, போர்வையோடு எழுந்து வேலியோரமாக நடக்க ஆரம்பித்தார். விசிலும் கூடவே போனது.

"சார், நடந்து போகுது சார்!" என்று டீச்சர் அலறினார்.

"நடந்துகிட்டே பாடுதா? இதை யாருமே எழுதினதில்லையே!" டாக்டர் தலையைக் குனியாமல் வானத்தைப் பார்த்தபடியே ஓடி, மண்வெட்டியில் இடறி விழுந்தார்.

இதற்குமேல் விட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்று பயந்த கேஷியர், மாமனாரைத் தள்ளிக்கொண்டுபோய்த் தோட்டத்தை ஒட்டிய குளியலறைக்குள் விட்டு வெளியே தாழ்ப்பாள் போட்டார். அப்பாடா என்று மூச்சு விட்டார்.

உய்ய்ய் உய்ய்ய் என்று குளியலறைப் பக்கமிருந்து இரட்டை விசில் கிளம்பியது.

டாக்டர் முழங்காலைத் தேய்த்துக்கொண்டே எழுந்தார். தாழ்ப்பாளைப் பார்த்தார். கேஷியரைப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"பிடிச்சு அடைச்சு வெச்சிருக்கீங்களா?"

"இல்ல சார்..."

"அரிய பறவையை! பாத்ரூம்ல! அந்தப் பெரியவருக்கும் இதுல பங்கு இருக்கு, நான் அப்பவே நெனச்சேன். போர்வைக்குள்ள என்ன ஒளிச்சு எடுத்துட்டுப் போனாரு? இப்பவே வனத்துறைக்குப் போன் போடறேன். ரெண்டு பேரும் கம்பி எண்ணுங்க!"

ஜன்னலில் மனைவியின் முகம் வெளுத்துப்போனது. "எங்கப்பாவை ஜெயிலுக்கு அனுப்பிட்டு நீங்க காக்கா பாத்துகிட்டு இருங்க!" என்று குரல் உடையச் சொன்னாள்.

கேஷியரால் அதைத் தாங்க முடியவில்லை.

"சார், அது பறவையே இல்ல! எங்க மாமாவோட காது மெஷின். அது அப்படித்தான் விசிலடிக்கும். மன்னிச்சிடுங்க சார்."

டீச்சர் கேமராவுக்கு மூடி போட்டார். டாக்டர் போனை எடுத்து விரலால் ஒரு தட்டுத் தட்டினார். கேஷியரின் சட்டைப்பையில் போன் சிணுங்கியது. 'நீங்கள் நீக்கப்பட்டீர்கள்' என்றது.

கார்கள் தெருமுனையைத் தாண்டும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். நாளையிலிருந்து யார் கேட்பார்கள், இன்னைக்கு என்ன பாத்தீங்க என்று? துக்கம் கோபமாக மாறியது. குளியலறைக் கதவைத் திறந்தார். திறந்திருந்த சின்ன ஜன்னலின் விளிம்பில் பிஸ்கட்டை உதிர்த்துக்கொண்டிருந்த மாமனாரின் காதிலிருந்து மெஷினை வெடுக்கென்று பிடுங்கினார்.

உய்ய்ய்.

"கையில எடுத்த பிறகும் கத்துது பாரு சனியன்!" என்று பல்லைக் கடித்துக்கொண்டு, பேட்டரியைக் கழற்ற அதன் மூடியை நகத்தால் நெம்பினார்.

மாமனார் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"அதுல என்னத்தத் தேடறீங்க மாப்பிள்ளை? உங்க ரெண்டு பேரு சண்டையும் கேக்க முடியாம நான் பேட்டரியைக் கழட்டிப் போட்டு ஒரு மாசமாச்சே!"