ஆறு மாசக் குழி

மண்வெட்டி நாலாவது வெட்டிலேயே பச்சையாக எதையோ இழுத்துக்கொண்டு வந்தது. தரப் பரிசோதகர் மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் குனிந்து அதைப் பிடுங்கினார்.

பை. முழுசாக. புதைத்து ஆறு மாதமாகியும் ஒரு ஓட்டைகூட விழவில்லை. உதறி எடுத்துக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிடலாம் போலிருந்தது.

மக்கும் பை தயாரிக்கும் தொழிற்சாலை அது. ஆறே மாதத்தில் மண்ணோடு மண்ணாகும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவர் இவர்தான். அதைச் சோதிக்க ஓர் அதிகாரி வந்து புதைத்துவிட்டுப் போனபோது இவர் மஞ்சள் காமாலையில் படுத்திருந்தார். இன்று பதினொரு மணிக்கு அதே அதிகாரி தோண்டிப் பார்க்க வருகிறார். சான்றிதழ் கிடைக்காவிட்டால் தொழிற்சாலைக்குப் பூட்டு. இவர் வேலையும் போகும், பேக்கிங் பிரிவில் இருக்கும் மனைவியின் வேலையும் போகும். முன்கூட்டியே ஒரு பார்வை பார்த்துவிடலாம் என்று, குச்சி நட்டிருந்த இடத்தைத் தோண்டியதன் பலன் இது.

"சார், அந்தக் குழியைப் பத்தி ஒண்ணு சொல்லணும்," என்று உரக்குவியலைக் கிளறிக்கொண்டிருந்த தோட்டக்காரர் பக்கத்தில் வந்தார்.

"நீங்க எதையும் பார்க்கல. எதையும் சொல்லவும் வேண்டாம். போய் கேட்டுல நில்லுங்க."

தோட்டக்காரர் போய்விட்டார். போனில் கூப்பிட்டதும் மனைவி ஓடி வந்தாள்.

"என்னங்க இது, நேத்து வாங்கின மாதிரி இருக்கு?"

"சூடு பத்தல. இந்த ரகம் வெறும் மண்ணுல சீக்கிரம் மக்காது. நல்ல சூடு வேணும்."

"அதை அன்னிக்கே எழுதியிருக்கலாம்ல?"

"எழுதல."

கேன்டீனிலிருந்து ஒரு வாளி கொதிநீர் வந்தது. ஊற்றினார்கள். ஒட்டியிருந்த மண்ணெல்லாம் போய்ப் பை பளபளத்தது.

"நல்லா குளிப்பாட்டி விட்டீங்க," என்றாள் மனைவி.

அடுத்து கத்தரிக்கோல். வெட்ட வெட்ட வழுக்கியது. நம்ம பையா இவ்வளவு கெட்டி என்று அந்தப் பயத்திலும் பரிசோதகருக்கு ஒரு நொடி பெருமையாக இருந்தது.

"ஒரு பையை முந்நூறு துண்டாக்கிட்டீங்க. துணுக்கா மண்ணுல கிடந்தா இன்னும் கேடுன்னு போன கூட்டத்துல பேசினது நீங்கதானே?"

பதில் சொல்வதற்குள் காற்று அடித்தது. பச்சைத் துணுக்குகள் முற்றமெங்கும் பறந்தன. கணவனும் மனைவியும் மண்டியிட்டுத் தவழ்ந்து பொறுக்கினார்கள். பாதிகூட முடியவில்லை, கேட்டில் ஹாரன் கேட்டது. அதிகாரி அரை மணி நேரம் முன்னாலேயே வந்துவிட்டார்.

விழுந்தடித்து மீதியையும் வாரிக்கொண்டார்கள். கொஞ்சம் அவள் டிபன் பாக்ஸுக்குள், மிச்சமெல்லாம் இவர் சட்டைக்குள். குழியை மூடிக் குச்சியை நட்டுவிட்டு நிமிர்ந்தபோது அதிகாரி எதிரில் நின்றார். தோட்டக்காரரும் கூடவே வந்திருந்தார்.

"முதல்ல இதைப் பார்த்துடுவோம்," என்று குச்சியைக் காட்டினார் அதிகாரி.

தோண்டினார்கள். முழங்கால் ஆழம் வரை ஒன்றுமில்லை. பரிசோதகர் மூச்சு விடும்போதெல்லாம் சட்டைக்குள் சரசரவென்றது. பயத்தில் மூச்சு விடுவதையே குறைத்துக்கொண்டார்.

"பை எங்கே?"

"மக்கிடுச்சுங்க. மண்ணோட மண்ணா."

"முழுசாவா?"

"சுத்தமா. ஒரு துணுக்குகூட இல்ல."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். குழிக்குள் மறுபடி பார்த்தார்.

"இருபது வருஷ சர்வீஸ்ல இப்படி ஒண்ணு நான் பார்த்ததில்ல."

பிழைத்தோம் என்று பரிசோதகர் மனைவியைப் பார்த்தார். அவள் டிபன் பாக்ஸை மார்போடு அணைத்துக்கொண்டு கண்ணைத் துடைத்தாள்.

அதிகாரி தோட்டக்காரர் பக்கம் திரும்பினார். "புதைச்ச அன்னிக்கு நீங்கதானே கூட இருந்தீங்க?"

"இருந்தேங்க. அதைத்தான் காலையிலேயே சார்கிட்ட சொல்ல வந்தேன். நம்ம பை அந்த உரக்குவியலுக்கு அடியில, அது போன மாசமே மக்கிப் போச்சு. இந்தக் குழியில இருந்தது, நூறு வருஷமானாலும் மக்காதுன்னு ஒப்பிட்டுக் காட்ட, அதே பச்சையில நீங்களே கொண்டாந்து புதைச்ச சாதாரண பிளாஸ்டிக்குங்க."