நின்ற ரயிலை நிறுத்தியவள்

கைக்குழந்தையை ரயில் ஜன்னல் வழியாக உள்ளே கொடுக்கும் துணிச்சல் எனக்கு எப்படி வந்தது? ஐந்து வருடமாக யோசிக்கிறேன். காய்ச்சி ஆறிய தண்ணீரை இன்னொரு முறை காய்ச்சுகிறவள் நான். (கேஸை அணைத்தோமா என்று பாதி வழியில் திரும்பி வந்ததும் உண்டு.)

புனேயில் இருக்கும் தமிழர்களுக்கு ஒரு கடமை உண்டு. பம்பாயிலிருந்து ஊருக்குப் போகும் சொந்தக்காரர்களுக்கு ஸ்டேஷனில் போய்ச் சாப்பாடு கொடுக்க வேண்டும். வண்டி அங்கே சற்று நேரம் நிற்கும். ஏன் நிற்கும் என்பதை என் கணவர் புனேயை அடுத்த சிஞ்ச்வடிலிருந்து லோக்கல் ரயிலில் வரும்போதே விளக்கிவிட்டார். மின்சாரக் கம்பி பம்பாயிலிருந்து புனே வரைதான். அதற்கு மேல் டீசல். ஆகவே இங்கே இன்ஜினை மாற்றுவார்கள். ஒரு காலத்தில் புனேக்குத் தெற்கே மீரஜ் பக்கம் போகும் பாதை குறுகலாக இருந்ததாம். பயணிகள் மூட்டை முடிச்சோடு இறங்கி வண்டியே மாற வேண்டுமாம். லோக்கலை விட்டிறங்கி, மேம்பாலம் ஏறி, வெளியூர் வண்டிகள் வரும் பிளாட்பாரத்தில் இறங்கும் வரை பாடம் நடந்தது. நான் தலையாட்டினேன். ஏழு மாத மகளின் குல்லாய் நழுவுகிறதே என்பதுதான் என் கவலை.

கோயமுத்தூர் வண்டி வந்தது. என் நாத்தனார் சரோஜா அண்ணி, கம்பியில்லாத அவசர ஜன்னல் அருகே உட்கார்ந்திருந்தார். குழந்தையை அவர் அதுவரை பார்த்ததில்லை.

"சாப்பாடு அப்புறம் ஆகட்டும் கண்ணு. தங்கத்தை முதல்ல இங்க குடு."

"இறங்கி வந்து பாருங்களேன் அண்ணி."

"இந்தக் கூட்டத்துல எறங்கினா மறுபடி ஏற முடியாது. ஏன், எங்கிட்டக் குடுக்க யோசனையா?"

இதற்கு மேல் எந்த மருமகள் யோசிப்பாள்? கொடுத்தேன். அண்ணி குழந்தையின் கன்னத்தைத் தொட்டார். வண்டி நகர்ந்தது.

சாப்பாட்டுப் பை என் காலடியில் விழுந்தது. தக்காளி சாதத்தை மிதித்துக்கொண்டு ஓடினேன். பின்னால் கணவர் ஏதோ கத்தினார். என் காதில் ஏறவில்லை. ரயில் பெட்டி வாசலில் நின்ற பெரியவரைத் தள்ளி, ஒரு டிரங்குப் பெட்டியின் மேல் ஏறி, அபாயச் சங்கிலியில் முழு எடையோடு தொங்கினேன். (அப்போது என் எடை கொஞ்சநஞ்சமல்ல.)

பிரேக் காற்று புஸ்ஸென்று வெளியேறியது. டிக்கெட் பரிசோதகர் வந்தார். என்னை மேலும் கீழும் பார்த்து, மராட்டியில் மெதுவாகச் சொன்னார்: "வஹினி, காடி உபீச் ஆஹே."

அதாவது, என்னைத்தான் அண்ணி என்கிறார்: வண்டி நின்றுகொண்டுதான் இருக்கிறது, அண்ணி.

டீசல் இன்ஜின் வந்து முட்டியதில் பெட்டிகள் ஓரடி பின்னால் போயிருக்கின்றன, அவ்வளவுதான்.

"பம்பாய்ப் பக்கமாத்தானே நவுந்துச்சு? கோயமுத்தூருக்கு அப்படியா போவாங்க?" என்றார் கணவர், ஜன்னலுக்கு வெளியிலிருந்து.

 அண்ணியிடமிருந்து குழந்தையை வாங்கி இடுப்பில் இறுக்கிக்கொண்டேன். சங்கிலியைச் சரிசெய்து வண்டி கிளம்பத் தாமதமானது. பெட்டி முழுவதும் என்னையே பார்த்தது. அண்ணி மட்டும் பக்கத்து இருக்கைக்காரரிடம், "நிக்கிற வண்டிய நிறுத்தினவ எங்க வீட்டுலதான் இருக்கறா" என்று அறிமுகம் செய்துவைத்தார். இன்றுவரை எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் என் அறிமுகம் அதுதான். நானும் சிரித்துவைக்கிறேன். அந்த ஓரடி தூரத்தில் எனக்கு என்ன ஆனது என்று யாரும் கேட்டதில்லை.

இப்போது எனக்கு இரண்டாவது குழந்தை, நான்கு மாதம். நேற்று அண்ணி போன் செய்தார். "அடுத்த வாரம் உங்க ஊர் வழியாத்தான் வர்றேன். ஜன்னல் சீட்டு. பையனைக் கொண்டாந்து காட்டு."

அவர் கையை நீட்டுவார். அவர் மனம் நோகாமல் குழந்தையை என் இடுப்பிலேயே வைத்துக்கொள்வது எப்படி? தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.