டிராகன் செத்த வீடு

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தம்பி எழுதுவது. நீயும் அத்தானும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, மற்றதெல்லாம் சரியில்லை. என் மகளின், அதாவது உன் மருமகளின், கல்யாணம் நின்றுவிட்டது. பதறாதே, உட்கார்ந்து படி. யாரும் ஓடிப்போகவில்லை. பையனும் தங்கமான பையன். காரணம் ஒரு டிராகன்.

பள்ளிக்கூட நாளிலிருந்து இவள் கட்டிக்கொண்டு அழும் அந்த மாயாஜாலக் கதை உனக்குத் தெரியும். ஒவ்வொரு பாகமும் தலையணை கனம். மாப்பிள்ளைப் பையனுக்கும் அதே பைத்தியம். அவனுடைய கண்ணாடிக் கடைக்கு இவள் கண் பரிசோதிக்கப் போனபோது, சுவரிலிருந்த எழுத்துகளை விட்டுவிட்டு இருவரும் கதை பேசித்தான் விஷயம் கல்யாணம் வரை வந்தது. போன மாதம் ஆறாம் பாகம் வெளிவந்தது. பையன் கடையைப் பூட்டிவிட்டு ஒரே மூச்சில் படித்து முடித்துவிட்டான். இவள் பாதியில் இருந்தாள். அவன் துக்கம் தாங்காமல், இவளும் முடித்திருப்பாள் என்று நினைத்து, "குருட்டு டிராகன் மறைவுக்கு என் ஆழ்ந்த அனுதாபங்கள்" என்று செய்தி அனுப்பிவிட்டான். அவ்வளவுதான். "கொலைகாரா" என்று பதில் போட்டுவிட்டு அறைக்குள் போனாள். அன்றிலிருந்து வேலைக்குப் போகிறாள், வருகிறாள், தாழ் போட்டுக்கொள்கிறாள்.

அந்த வாரமே அவளுடைய வாசகர் கூட்டம் துக்கம் விசாரிக்க வந்தது. எல்லாரும் கறுப்புச் சட்டை. ஒருவன் மூக்கைச் சிந்துகிறான், ஒருத்தி எழுதினவரை உள்ளே தள்ள வேண்டும் என்கிறாள், "டிராகன் செத்ததுதான் நியாயம்" என்று சொன்ன ஒருத்திக்கு யாரும் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. வாசலில் செருப்புக் குவியலைப் பார்த்த எதிர்வீட்டம்மா, நான்தான் போய்ச் சேர்ந்துவிட்டேன் என்று நினைத்து ஓடிவந்து உன் தம்பி பெண்டாட்டியைக் கட்டிக்கொண்டு அழுதாள். நான் பனியனோடு உள்ளேயிருந்து வந்து நின்றேன். "அப்ப யாரு?" என்றாள். "டிராகன்" என்றேன். அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

அக்கா, காலமெல்லாம் லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுத்தவன் நான். கதவுக்கு இந்தப் பக்கம் நின்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தால் உள்ளே இருப்பவர் அடங்கிவிடுவார். அதே வித்தையை இவளிடமும் காட்டினேன். "அம்மாடி, அது கதைதானேம்மா" என்றேன். "ஒரு பாகமாவது படிச்சிருக்கீங்களாப்பா? படிச்சிட்டு வந்து பேசுங்க" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

சரி என்று முதல் பாகத்திலிருந்து பிடித்தேன். வேலைக்குப் போகும் இடங்களில் மொட்டைமாடி லிஃப்ட் மோட்டார் அறைகளில் உட்கார்ந்து ஐந்தாம் பாகம் வரை வந்துவிட்டேன். அதில் ஒரு கிழட்டுப் படகுக்காரர் வருகிறார். ஒரே மகளை ஆற்றைக் கடத்தி அக்கரையில் விட்டுவிட்டுத் தனியாகத் திரும்புகிறார். அப்புறம் தினமும் சாயங்காலம் அக்கரையைப் பார்த்தபடி படகைக் கட்டுகிறார். டிராகனுக்கு அழும் கூட்டத்தில் ஒருத்தரும் அவர் பேச்சை எடுக்கவில்லை. நான் அழுதேன், வெளியே சொல்லாதே. கல்யாணமானால் இவளும் பையனோடு வேறு ஊருக்குப் போய்விடுவாளே என்று இத்தனை நாள் எனக்குத் தூக்கமில்லை. கல்யாணம் நின்றபிறகும் தூக்கமில்லை.

நீதான் வந்து பேச வேண்டும். அத்தை சொன்னால் கேட்பாள். வாய் தவறி வந்த ஒரு வார்த்தைக்காக நல்ல பையனை உதறலாமா? இதைக்கூடப் பொறுக்காதவள் நாளைக்கு எப்படிக் குடும்பம் நடத்துவாள்? நன்றாக உறைக்கும்படி கேள்.

அத்தானுக்கு வணக்கம். பிள்ளைகள் எல்லா நலமும் பெற்று வாழட்டும்.

இப்படிக்கு,
உன் தம்பி

பி.கு.: கடிதத்தை ஒட்டப் போகும்போது பையன் வந்தான். இவள் கதவைத் திறந்தாள். இருவரும் அழுதார்கள், அப்புறம் சிரித்தார்கள். கல்யாணம் சொன்ன தேதியிலேயே நடக்குமாம். நானும் சந்தோஷமாக ஐந்தாம் பாகத்தோடு பக்கத்தில் போய் உட்கார்ந்து படகுக்காரர் பேச்சை எடுத்தேன். "மாமா, உங்களுக்குப் படகுக்காரரைத்தான் பிடிக்குமா? பாவம், கடைசி வரைக்கும் பொண்ணைப் பார்க்காமலே போயிட்டாரு" என்றான். எனக்கு இன்னும் ஒரு பாகம் இருந்தது, அக்கா. இந்தக் கல்யாணம் நடக்காது. இப்போது தாழ் போட்டுக்கொண்டு உள்ளே இருப்பது நான். உன் மருமகள் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று, "அப்பா, அது கதைதானேப்பா. நான் அடிக்கடி வருவேன்ப்பா" என்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்கிறாள். நான் இன்னும் திறக்கவில்லை.