ஏரிக்கரையில் ஒற்றை நாற்காலி

"அத்தான், நாங்களும் வாறம்" என்றான் விதுஷன்.

யசீகரன் கைபேசியைக் காதிலிருந்து எடுத்து ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி வைத்தான். மனைவியின் தம்பி, ஒஸ்லோவில் இருப்பவன். சனிக்கிழமை விடிந்தால் இவனுடைய சிரிப்பு.

"எங்க வாறியள்?"

"பின்லாந்துக்குத்தான். அந்த ஏரிக்கு. அக்கா சொன்னவா. எங்களுக்குப் பக்கத்து நாடுதானே."

யசீகரன் பின்வளவில் நின்றபடியே கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் பார்த்தான். மனைவி சோபனா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நிமிரவேயில்லை. போன் கதைப்பதென்றால் வளவுக்குப் போங்கோ என்று அனுப்புகிறவளும் அவள்தான், மறைக்க வேண்டியதை ஒஸ்லோவுக்குச் சொல்கிறவளும் அவள்தான்.

ஒக்லாண்ட் நகரத்தின் மவுண்ட் வெல்லிங்டனில் ஒரு தகரத் தொழிற்சாலை. எண்ணெய் டின்னுக்கு மூடி அடிக்கிற பிரஸ்ஸில் யசீகரன் நிற்கிறான். இந்த நாட்டுக்கு வந்த வருஷத்திலிருந்து அதே பிரஸ்தான். காதுக்குக் கவசம் தந்திருக்கிறார்கள். அது காது வழியாகப் போகிற சத்தத்துக்கு. எலும்பு வழியாகப் போகிறதற்கு ஒருவரும் ஒன்றும் தரவில்லை. மனுரேவாவில் உள்ள வீட்டில் படுத்த பிறகும் பல்லுக்குள் மூடி அடித்துக்கொண்டேயிருக்கும்.

அவனுக்கு வேண்டியிருந்தது இரண்டு கிழமை. மனிதக் குரல் இல்லாத இரண்டு கிழமை. சைமா ஏரியில் ஒரு மரவீடு. வாசலிலிருந்து தண்ணீருக்குள் நீளுகிற பலகைப் பாதை, அதன் நுனியில் ஒற்றை நாற்காலி. அடுத்த வீடு எதிர்க்கரையில். கைபேசியில் பார்த்த அந்தப் படத்துக்காக ஞாயிறுகளிலும் பிரஸ்ஸில் நின்று டிக்கெட் எடுத்தான். 'அங்க ஆர் இருக்கினம்?' என்று கோயிலில் கேட்காத ஆள் இல்லை. ஒருவரும் இல்லை என்றதும் நோயாளியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். அவர்களுக்குப் பயணம் என்றால் விமான நிலையத்திலிருந்து சித்தப்பா வீடு, சித்தப்பா வீட்டிலிருந்து பெரியம்மா வீடு. நடுவில் ஒரு கோபுரத்துக்கு முன்னால் நின்று படம்.

"இடமில்லை விதுஷன். ரெண்டு பேர் படுக்கிற வீடு."

"டென்ட் கொண்டு வாறம் அத்தான்."

"கக்கூஸ் இல்லை. காட்டுக்குள்ள வெட்டின ஒரு கிடங்குதான். தண்ணி ஏரியில அள்ளவேணும்."

விதுஷன் போனை வைத்துவிட்டான். யசீகரன் வென்றுவிட்டதாக நினைத்தான்.

"உம்மட தம்பிக்கு ஏன் சொன்னனீர்?" என்று உள்ளே வந்து கேட்டான்.

"கேட்டான், சொன்னனான். பொய் சொல்லச் சொல்லுறியளோ? அதுக்குத்தான் நீங்கள் இருக்கிறியளே" என்றாள் சோபனா.

அடுத்த சனிக்கிழமை லண்டனிலிருந்து தங்கச்சி நிசாந்தினி போனில் வந்தாள். வழக்கம்போல முணுமுணுத்தாள். இந்தப் போனில் எல்லாரும் முணுமுணுக்கிறார்கள். ஸ்பீக்கரைப் போட்டபோதுதான் அழுகிறாள் என்று தெரிந்தது.

"கிடங்குக்குப் போகவோ அண்ணா அவ்வளவு தூரம் வாறாய்? விதுஷன் சொல்லக்குள்ள எனக்கு நெஞ்சு வெடிச்சுப்போச்சு. நீ ஒண்டுக்கும் யோசியாத. அதே கரையில பெரிய வீடு ஒண்டு எடுத்திட்டம். எட்டு அறை. இவரின்ர ஆக்களும் வருகினம்."

"எவரின்ர ஆக்கள்?"

"என்ர மனுசன்ர அண்ணாக்கள், அண்ணிமார். உன்னோட கதைக்கவேணும் எண்டு எவ்வளவு ஆசையா இருக்கினம்."

போனை வைத்துவிட்டுத் துணி காயவிடும் கம்பத்தை உதைத்தான். கால்தான் நொந்தது.

"என்ன சார், பயணத்துல ஏதாச்சும் சிக்கலா?"

வேலிக்கு மேல் பழனிசாமியின் தலை. பக்கத்து வீட்டுக்காரன், கோயம்புத்தூர். வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வேலை. மனைவி பாக்யலட்சுமி ஆஸ்பத்திரியில் இரவு வேலை செய்கிற நர்ஸ். அந்த நாற்காலிப் படத்தை முதன்முதலில் காட்டியதே பழனிசாமிதான். பெரிய சூட்கேஸைக் கொடுத்தான். தன் தடித்த ஜாக்கெட்டைக் கொடுத்தான். விமான நிலையத்துக்கு நானே கொண்டுபோய் விடுகிறேன் என்று கேட்காமலே சொன்னான். இந்தக் காலத்தில் இப்படி ஓர் அயல் கிடைக்காது.

யசீகரன் நடந்ததைச் சொன்னான். பழனிசாமியின் முகம் வெளிறியது.

"அதுக்காகப் போகாம இருந்துறாதீங்க சார். தேதி ஒரு வாரம் தள்ளிப்போச்சுன்னு அவங்ககிட்ட சொல்லிருங்க. எல்லாரும் லீவு போட்டிருப்பாங்க, மாத்த முடியாது. நீங்க பாட்டுக்குப் பழைய தேதிக்கே கிளம்பிருங்க."

படித்தவனுடைய மூளை என்று யசீகரன் மெச்சினான். அன்றைக்கே எல்லாருக்கும் செய்தி போட்டான்.

நிசாந்தினி மறுநாளே எடுத்தாள். இந்தமுறை அழவில்லை.

"அம்மாளாச்சி வழி காட்டிப்போட்டா அண்ணா. நீ சொல்லுற கிழமைதான் உன்ர மருமகள் பிரணவிக்குப் பள்ளிக்கூட லீவு தொடங்குது. அவள் பெரியபிள்ளையானதுக்குச் சாமத்தியவீட்டை அங்கேயே வைப்பம்."

"எங்கேயே?"

"ஏரியில. தாய்மாமன் நீ இந்தப் பக்கம் வரமாட்டன் எண்டுதானே ஒரு வருஷமாத் தள்ளிக்கொண்டு வாறன். நீ தண்ணி வாக்காமல் ஆர் வாக்கிறது? பிள்ளை படகில வந்து இறங்குவா. டிரோன் எடுக்கும். பாரிசில இருந்து டிஜே வாறார்."

"டிஜேயோ?"

"தண்ணிக்கு மேல சவுண்ட் நல்லாப் போகுமாம் அண்ணா. எதிர்க்கரைக்கும் கேக்குமாம்."

யசீகரன் புல்லில் குந்திவிட்டான். எத்தனை பேர் என்று கேட்கப் பயமாக இருந்தது. கேட்காமலே சொன்னாள். நூற்றுமுப்பது. சுவிஸ் பெரியப்பாவின் ஆட்கள் இன்னும் முடிவு சொல்லவில்லை.

இன்னும் வழி இருந்தது. பழைய தேதிக்குப் போய், அவர்கள் வந்த அன்றே கிளம்பிவிடலாம். ஒரு கிழமையாவது மிஞ்சும். டிக்கெட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒஸ்லோ வந்தது.

"அத்தான், நீங்கள் எடுத்த ஏரி வீட்டின்ர சொந்தக்காரன் பழைய தேதியையே வைச்சிருந்தான். சொல்ல மறந்திட்டியள் போல. நான் கதைச்சு மாத்திட்டன். பழைய தேதிக்கு வேற ஆரோ ஜெர்மன்காரர் உடனயே எடுத்திட்டினம். நல்ல காலம், எல்லாம் சரி வந்திட்டுது."

திங்கட்கிழமை தொழிற்சாலையில் லீவை ஒரு கிழமை தள்ளித் தரமுடியுமா என்று கேட்டான். மேற்பார்வையாளர் சுவரில் இருந்த அட்டவணையைக் காட்டினார். அந்தக் கிழமை வேறு இருவர் போகிறார்கள், பிரஸ்ஸை நிறுத்த முடியாது. பழைய தேதிக்குப் போ, அல்லது நில். எரிச்சலில் யசீகரன், அப்படியென்றால் உன் லீவே வேண்டாம் என்றான். மேற்பார்வையாளர் உடனே அவன் பெயரை அழித்தார். வாய் ஒருபோதும் இவ்வளவு வேகமாகப் பலன் தந்ததில்லை.

சனிக்கிழமை காலை. புல்லில் பனி. யசீகரன் வளவின் நடுவில் நின்று லண்டனை எடுத்தான்.

"நான் வரேல்லை. லீவு இல்லை. ஏரியும் இல்லை, ஒண்டும் இல்லை."

"என்ன அண்ணா கதைக்கிறாய்? மண்டபத்துக்கு, சீ, படகுக்குக் காசு கட்டியாச்சு."

"எனக்குச் சத்தம் வேண்டாம் நிசாந்தினி. அதுக்குத்தான் அங்க போகப் பாத்தனான். நாள் முழுக்க மெஷின் அடிக்குது. வீட்டை வந்தால் நீங்கள் அடிக்கிறியள். ஒரு நாற்காலியில ஒருத்தன் சும்மா இருக்க விடமாட்டியளோ? மனிசர் ஏன் இப்பிடிக் கத்துகினம்?"

லண்டன் உடனே வேறு வழி கண்டுபிடித்தது.

"சரி. நீ வராட்டி என்ன, நாங்கள் அங்க வாறம். தாய்மாமன் இருக்கிற இடத்திலதானே செய்யவேணும். ஒக்லாண்டில மண்டபம் ஒண்டு பார். உன்ர வீட்டில எத்தினை பேர் படுக்கலாம்?"

யசீகரன் போனை நிறுத்தினான். அதைப் புல்லில் எறியப் பார்த்து, விலை நினைவுக்கு வந்து, பையில் போட்டான்.

வேலிக்கு மேல் இரண்டு தலைகள். பழனிசாமி. அவனுக்குப் பக்கத்தில் இரவு வேலையிலிருந்து அப்போதுதான் வந்த பாக்யலட்சுமி, சீருடை கழற்றவில்லை, கண் இரண்டும் சிவந்திருந்தன.

"போகலையா சார்?" என்றான் பழனிசாமி. குரல் பாதியில் உடைந்தது.

"இல்லைத் தம்பி."

"அந்த வீடு போனா போகட்டும் சார். வேற ஏரி இருக்கு. ஆயிரக்கணக்குல இருக்கு. நான் இப்பவே பார்க்கிறேன். லீவு நான் வேணா உங்க மேனேஜர்கிட்ட வந்து பேசுறேன். காலைப் பிடிச்சாவது வாங்கித் தர்றேன்."

யசீகரன் வேலிக்குக் கிட்டப் போனான். ஒஸ்லோவிலும் லண்டனிலும் இத்தனை சொந்தம். அவன் கேட்ட அமைதியைப் புரிந்துகொண்டது இந்த ஒரு வீடுதான்.

"என்ர கூடப்பிறந்ததுக்கு இல்லாத கவலை உங்களுக்கு இருக்குத் தம்பி" என்றான்.

பழனிசாமி குனிந்துகொண்டான். பாக்யலட்சுமிதான் வேலியைப் பிடித்தபடி சொன்னாள்.

"கவலையா இருக்காதாண்ணே? நீங்க ஊர்ல இல்லாத அந்த ரெண்டு வாரமாவது சத்தமில்லாம தூங்கலாம்னு, நாங்க ரெண்டு பேரும் லீவு போட்டாச்சு."