நாற்பத்தொரு பிறம்பிள்ஸ்கோக்கள்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கிங்ஸ்பரியில் உள்ள தன் வீட்டுக் குசினியில், தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் சத்தம் கேட்கும்படி வைத்துவிட்டு விஜயரத்தினம் அறிவித்தார்: "இந்த ஒரு விசயத்திலை முடிவு நான்தான் எடுப்பன்."

முப்பத்திரண்டு வருட இல்லறத்தில் இது அவர் எடுக்கப்போகும் முதல் முடிவு அல்ல, இரண்டாவது. முதலாவது, குளியலறைக்கு நீல நிறம் அடிப்பது. குளியலறை இப்போது இளமஞ்சளாக இருக்கிறது.

விசயம் மகள் லக்‌ஷிகாவின் கலியாணம். கண் பரிசோதனை செய்கிற வேலை, இருபத்தொன்பது வயது, கெட்டிக்காரி. முதல்நாள்தான் இடியப்பத்தைப் பிய்த்தபடி, தன்னோடு வேலை செய்யும் டொம் என்ற வெள்ளைக்காரப் பெடியனைக் கட்டப்போவதாகச் சொல்லியிருந்தாள். வெள்ளை என்பதில் விஜயரத்தினத்துக்குப் பெரிய மனக்குறை இல்லை. அவருடைய தங்கச்சி றூபினி செவன் கிங்ஸில் இருந்துகொண்டு மூன்று வருடத்துக்கு முன்பே ஒரு வெள்ளை மருமகனை எடுத்துவிட்டாள். அவரைக் குத்தியது பெடியனின் குடும்பப் பெயர். டொம் பிறம்பிள்ஸ்கோ.

"உப்பிடி ஒரு பேர் இல்லை," என்றார்.

"அப்பா, அது அவரின்ரை சர்நேம்."

"இருபத்திரண்டு வருசம் தபால் பிரிச்சனான் பிள்ளை. இந்த நாட்டிலை உள்ள அவ்வளவு பேரும் என்ரை கையாலை போயிருக்கு. ஒரு பிறம்பிள்ஸ்கோவுக்கும் ஒரு பிறந்தநாள் கார்டு கூட வரேல்லை."

அது உண்மைதான். ஓய்வு பெறும்வரை தபால் பிரிக்கும் நிலையத்தில் வேலை பார்த்தவர். குடும்பப் பெயரைச் சொன்னால் எந்த மாவட்டத்து ஆள் என்று சொல்லுவார். பத்துக்கு ஏழு சரியாக இருக்கும். மிச்சம் மூன்றிலும் அந்த ஆட்கள்தான் இடம் மாறிப் போயிருப்பார்கள் என்பது அவருடைய கட்சி. அப்பேர்ப்பட்டவர் கேள்விப்படாத பெயர் என்றால், ஒன்றில் அது கள்ளப் பெயர், அல்லது ஒளித்துத் திரிகிற பெயர்.

"நான் முதலிலை விசாரிக்கோணும். ஊர் எது, ஆர் ஆக்கள், எல்லாம்."

"விசாரியுங்கோ," என்றாள் மனைவி நகுலேஸ்வரி. "தேப்பன் விசாரிக்காமல் வேறை ஆர் விசாரிக்கிறது?"

ஒரு கதிரையை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் நகர்த்தவே நகுலேஸ்வரியிடம் மூன்று நாள் மன்றாட வேண்டும். அவள் உடனே ஓம் என்றபோதே மனுசன் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். அவரோ வென்ற மகிழ்ச்சியில் இரண்டாவது தேத்தண்ணி கேட்டார்.

யாழ்ப்பாணத்துப் பெடியன் என்றால் விசாரணை சுலபம். செவன் கிங்ஸுக்கு ஒரு ஃபோன், சவுத்தாலுக்கு ஒரு ஃபோன், இன்னும் ஐமிச்சம் என்றால் ரொறன்ரோவுக்கு ஒன்று. அரை மணித்தியாலத்தில் பெடியனின் அம்மப்பா யாரோடு வேலிச் சண்டை பிடித்தார் என்பது வரைக்கும் வந்து சேர்ந்துவிடும். பிறம்பிள்ஸ்கோவுக்கு யாருக்கு ஃபோன் எடுப்பது? கடைசியில் குடும்பப் பெயர்களை ஆராயும் ஓர் இணையத்தளத்தைப் பிடித்தார். நூலகத்துக்குப் போய் பழைய சனத்தொகைக் கணக்கெடுப்புகளைப் பார்த்தார். எல்லாவற்றையும் அச்சடித்து, தேதி போட்டு, ஒரு நீலக் கோப்பில் கோர்த்தார். பத்து நாள் கழித்துக் கோப்போடு குசினிக்குள் நுழைந்தார். நகுலேஸ்வரி கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"இஞ்சேருமப்பா. ஆயிரத்து எண்ணூற்று எண்பத்தோராம் ஆண்டுக் கணக்கெடுப்பிலை பிறம்பிள்ஸ்கோ எண்டு நூற்றிப் பன்னிரண்டு பேர். இப்ப எத்தினை பேர் தெரியுமோ?"

"எத்தினை?"

"நாற்பத்தொண்டு. நாடு முழுக்கச் சேத்து."

"ஐயோ பாவம். என்ன நடந்தது?"

"அதைத்தானே நானும் கேக்கிறன். உலகம் எல்லாம் பெருகுது, இவையள் மட்டும் தேஞ்சு போகினம். எங்கடை அப்பாவின்ரை பக்கம் மட்டும் கிங்ஸ்பரிக்குள்ளை நாற்பத்தொரு பேர் இருப்பினம்."

"இருப்பினம். மாமாவின்ரை திவசத்துக்கு எங்கடை வீட்டுக்குள்ளையே நாற்பத்தொரு பேர் இருந்தவை. நான்தானே சமைச்சனான்."

விஜயரத்தினம் பக்கத்தைப் புரட்டினார். "ஊர் லிங்கன்ஷயர். கடற்கரைப் பக்கம், சேத்து நிலம். பிறம்பிள்ஸ்கோ எண்டு அங்கை ஒரு குறிச்சி இருந்ததாம். ஆயிரம் வருசத்துக்கு முந்தி கடல் தாண்டி வந்த டேனிஷ்காரர் வைச்ச பேர். முள்ளுப்பத்தைக் காடு எண்டு அர்த்தம்."

"பத்தைக்காட்டார் எண்டு சொல்லுங்கோ."

"ஓம், பத்தைக்காட்டார். தொழில் வாத்து, தாரா வளர்ப்பு. இன்னொண்டு கேளும். நாற்பத்தொண்டிலை இருபத்தாறு பேர் இன்னமும் அதே இடத்திலைதான் இருக்கினம். விளங்குதோ? தங்களுக்குள்ளையே கட்டியிருப்பினம்."

"நீங்கள் என்ரை சொந்த மச்சான்தானே."

"அது வேறை."

நகுலேஸ்வரி கத்தியைக் கீழே வைத்தாள். சீலைத் தலைப்பில் கையைத் துடைத்தாள். "உண்மையைச் சொன்னால் எனக்கும் இந்தச் சம்பந்தத்திலை விருப்பமில்லை."

விஜயரத்தினம் திடுக்கிட்டார். மனைவி தன் கட்சியில் வந்து நிற்பது அவருக்குப் பழக்கமில்லாத காட்சி. "ஏன்?" என்று கேட்டார், கொஞ்சம் பயத்தோடு.

"றூபினி மச்சாளின்ரை மருமேனைப் பாருங்கோ. ஸ்மித். எவ்வளவு பெரிய குடும்பம். வங்கிக்குப் போனால் ஒரு ஸ்மித், கவுன்சிலுக்குப் போனால் ஒரு ஸ்மித், எல்லா இடத்திலையும் அவையின்ரை ஆக்கள். போன முறையும் மச்சாள் என்னட்டைச் சொன்னவா, 'எங்கடை ஸ்மித் ஆக்களைத் தெரியாத ஆர் இருக்கினம்' எண்டு. எங்களுக்கு வாய்ச்சது பத்தைக்காட்டார் நாற்பத்தொரு பேர். வேண்டாம். பிள்ளையிட்டை நானே பக்குவமாச் சொல்லுறன்."

"ஆர் சொன்னது ஸ்மித் எண்டால் பெரிசெண்டு?" விஜயரத்தினத்தின் மூக்கு நுனி சிவந்தது. "ஸ்மித்தை நான் சாக்குக் கணக்கிலை அள்ளினனான். அஞ்சு லட்சத்துக்கு மேலை இருக்கினம். தெருவுக்கு நாலு. ஆளுக்காள் ஒரு தொடுசலும் இல்லை. கொல்லன் வேலை செய்தவன் எல்லாம் ஸ்மித்."

"எண்டாலும் மச்சாள்..."

"மச்சாளுக்கு என்ன தெரியும்? சங்கு கடல் முழுக்கக் கிடக்கு. வலம்புரிச் சங்கு எத்தினை கிடக்கு? குறையக் குறையத்தான் மதிப்பு. நாற்பத்தொரு பேர் எண்டால் அது வலம்புரி."

"எனக்கு மனம் ஒப்பேல்லை."

"நீர் ஒப்பத் தேவையில்லை. இந்த விசயத்திலை முடிவு ஆர் எடுக்கிறது?"

"நீங்கள்."

"எடுத்தாச்சு. இந்தப் பெடியன்தான்."

நகுலேஸ்வரி ஒரு பெருமூச்சு விட்டாள். பிறகு கத்தியை எடுத்தாள். கத்தரிக்காய் ஒரே அளவில், மெல்லிசாக விழத் தொடங்கியது.

அடுத்த நாள் விடிந்ததும் றூபினிக்கு ஃபோன் எடுத்தார். "தங்கச்சி, உங்கடை மருமேன் பகுதியிலை எத்தினை பேர்?"

"என்னண்ணை, விடியக்காலமை?"

"அஞ்சு லட்சம். நான் சொல்லுறன். எங்கடை லக்‌ஷிகாவுக்கு வாறது நாற்பத்தொண்டு. ஆயிரம் வருசத்துப் பேர். எங்கடை பிள்ளை நாற்பத்திரண்டாவது ஆள். மிஸிஸ் பிறம்பிள்ஸ்கோ."

"அடுப்பிலை பால் கிடக்கு, பிறகு எடுக்கிறன்," என்று றூபினி ஃபோனை வைத்தாள். அவள் முந்திக்கொண்டு ஃபோனை வைத்தது இதுதான் முதல் தடவை. அந்த 'டக்' சத்தத்தை அவர் ஆசை தீரக் கேட்டார்.

"இப்போதைக்கு ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ," என்று நகுலேஸ்வரி எச்சரித்தாள். ஆகவே அவர் கோயிலில் சொன்னார். மரக்கறிக் கடையில் சொன்னார். பழைய வேலைக் கூட்டாளிகளுக்கு ஃபோன் எடுத்துச் சொன்னார். அந்த இணையத்தளத்திலேயே குடும்பச் சின்னம் ஒன்றும் விற்றார்கள்: நடுவில் ஒரு தாரா, சுற்றிவர முள்ளுப்பற்றை, தங்க நிறச் சட்டம். வரவழைத்து, முன்னறையில் பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார்.

இதற்குள் ஒரு நிசமான ஆசையும் இருந்தது. நம்மவருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தகப்பனின் பெயர்தான் பின்னால் வரும், பெண்ணுக்குக் கட்டியவனின் பெயர் வரும். ஆகவே இந்த நாட்டுப் படிவங்களில் நகுலேஸ்வரி, மிஸிஸ் விஜயரத்தினம். லக்‌ஷிகா, மிஸ் விஜயரத்தினம். விஜயரத்தினம் மட்டும் தன் தகப்பனின் பெயரால் மிஸ்டர் அம்பலவாணர். எந்தப் பெயரும் ஒரு தலைமுறைக்கு மேல் தாண்டாது. தன் பெயரும் அப்படித்தான் போகும் என்று அவருக்குத் தெரியும். சிலநேரம் அது அவருக்குக் கவலையாக இருந்தது. ஆயிரம் வருடம் கையோடு கை மாறி வந்த ஒரு பெயர், நாற்பத்தொரு பேரோடு மூச்சு வாங்குகிற நேரத்தில், தன் மகள் போய் அதைத் தூக்கி நிறுத்தப் போகிறாள். நாற்பத்திரண்டு. பேரப்பிள்ளைகளோடு நாற்பத்து மூன்று, நாற்பத்து நான்கு. நீலக் கோப்பின் கடைசித் தாளில் அதற்கு ஒரு வரைபடம்கூடக் கீறிவைத்திருந்தார்.

சனிக்கிழமை மதியம் டொம் சாப்பிட வந்தான். நெடுவல் பெடியன். கையில் பூங்கொத்து. "வணக்கம் மாமா," என்றான், பாடமாக்கி வந்த கவனத்தோடு. விஜயரத்தினம் அவனை இருத்தி, நீலக் கோப்பின் தாள்களை விரித்து, அவனுடைய பரம்பரையை அவனுக்கே முக்கால் மணித்தியாலம் விளக்கினார். பெடியன் வாயைத் திறந்தபடி கேட்டான். தன் குடும்பம் ஹல் நகரத்துப் பக்கத்தது என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தானாம். சுவரில் இருந்த தாராவை இரண்டு தரம் திரும்பிப் பார்த்தான்.

"எனக்குப் பூரண சம்மதம்," என்று விஜயரத்தினம் எழுந்து நின்று சொன்னார். "ஒரேயொரு நிபந்தனை. இந்தப் பேர் அழியக்கூடாது. லக்‌ஷிகா அதை எடுக்கோணும்."

டொம் லக்‌ஷிகாவைப் பார்த்தான். லக்‌ஷிகா தாயைப் பார்த்தாள். நகுலேஸ்வரி சோற்றைப் பார்த்தாள்.

"அப்பா," என்றாள் லக்‌ஷிகா. "பேர் மாத்திறது நானில்லை. டொம்தான். அவர் எங்கடை பேரை எடுக்கிறார்."

"எங்கடை எந்தப் பேரை?"

"விஜயரத்தினம்."

டொம் ஆங்கிலத்தில்தான் சொன்னான். தமிழில் சொன்னால் இப்படி வரும்: தன்னை வளர்த்தது தாய் ஒருத்திதான். தகப்பன் வீட்டில் விட்டுப்போனது அந்தப் பெயர் ஒன்றைத்தான். ஆள் திரும்பி வரவேயில்லை. லக்‌ஷிகாவின் பெயருக்குப் பின்னால் ஓர் ஆள் இருக்கிறார், மழை என்றால் கேட்காமலே மகளின் வேலையிடத்துக்கு வந்து குடை கொடுத்துவிட்டுப் போகிறார். அந்தப் பெயரைத் தனக்கும் தர முடியுமா?

 விஜயரத்தினம் கோபப்படத்தான் வாயைத் திறந்தார். தன் பெயரை எடுத்துக்கொள்ளட்டுமா என்று கைகட்டிக் கேட்கிறவனோடு எந்த மனுசன் சண்டை பிடிப்பான்? "ஓம்," என்றார். அது தன் குரல்தானா என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது. பிறகு கேட்டார்: "இது எப்ப முடிவானது?"

"போன வருசம்," என்றாள் லக்‌ஷிகா. "பேரை எடுக்கச் சொல்லி அம்மாதான் டொம்மை முதலிலை கேட்டவா."

"ஓம், நான்தான்," என்றாள் நகுலேஸ்வரி, பருப்பைப் பரிமாறியபடி. "உங்கடை பேரை எடுத்த பாவத்துக்கு பாஸ்போட், வங்கி, டொக்டர், கவுன்சில் எண்டு ரெண்டு வருசம் படிவம் நிரப்பினனான். என்ரை பிள்ளை நிரப்ப மாட்டாள். பெடியன் நிரப்பட்டும். மண்டபமும் ஜனவரியிலை எடுத்தாச்சு."

நீலக் கோப்பின் முதல் தாளில் மார்ச் மாதத்துத் தேதி இருந்தது. அவரே தன் கையால் போட்டது.

"அப்ப அண்டைக்கு உமக்கு விருப்பமில்லை எண்டு சொன்னது?"

"விருப்பம் எண்டு சொல்லியிருந்தால் நீங்கள் இப்பவும் லிங்கன்ஷயரிலை தாரா எண்ணிக்கொண்டிருப்பியள்."

விஜயரத்தினம் மெல்லக் கதிரையில் இருந்தார். இனி இந்த வீட்டில் எல்லாரும் விஜயரத்தினம், விஜயரத்தினத்தைத் தவிர. அது போகட்டும். அதைவிடப் பெரிய பயம் ஒன்று இப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"நகுலா, நான் றூபினிக்கு நாற்பத்திரண்டு எண்டு சொல்லிப் போட்டன். கோயில் முழுக்கச் சொல்லிப் போட்டன். இனி அவளுக்கு நான் என்னத்தைச் சொல்லுறது?"

நகுலேஸ்வரி அவருடைய சாப்பாட்டுக் கோப்பையில் இன்னொரு கரண்டி கத்தரிக்காய்க் குழம்பை விட்டாள்.

"குறையக் குறையத்தானே வலம்புரி," என்றாள். "நாற்பது எண்டு சொல்லுங்கோ."